தோலுக்கும் பெயருண்டு!

(பள்ளிப்பட்டில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



தமிழ்க் கூட்டம் என்றால் பாட்டும் இலக்கணமும் பேசப்பெறும் என்று எண்ணி வந்தவர்க்கு இன்றைய உரைப்பொருள் சற்று வியப்பளிக்கலாம். இன்று பேசப்பெறுவது அடுக்களை. அதிலும், அடுப்பேறும் பொருளைப் பற்றியன்று. அரிவாள்மணையின் அடியில் ஒதுக்கித் தள்ளப்படும் பொருளைப் பற்றியே பேச்சு. பீர்க்கின் தோல், கீரையின் தண்டு, வாழையின் பூ, பரங்கியின் கொட்டை, முள்ளங்கியின் இலை ஆகிய இவையே இன்று அவையேறுகின்றன. இவற்றுக்கும் மொழிக்கும் யாது தொடர்பு எனின், காட்சி ஒன்றைக் கண்டபின் அது தானே விளங்கும்.

பனிக்காலத்து விடியலில், சிற்றூரிலிருந்து உழவர் வீட்டுப் பெண்ணொருத்தி முள்ளங்கிக் கட்டுகளைத் தலையிற் சுமந்து கடைத்தெருவுக்கு வருகிறாள். கிழங்கு வெள்ளை வெளேரென்றும், இலை பனிநீர் சொட்டும் பசுமையோடும் இருக்கின்றன. வாங்க வந்தவர் விலை பேசி முடித்ததும் சொல்லும் முதற் சொல், "இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கொடு" என்பது. கிள்ளிய இலை அவர் காலடியிற் கிடக்கிறது. அதே மனிதர் அடுத்த கூடைக்குச் சென்று, காசு கொடுத்து ஒரு கட்டுக் கீரை வாங்குகிறார்! கைக்கு வந்த கீரையைக் காலடியில் எறிந்துவிட்டு, வேறு கீரைக்கு விலை கொடுப்பது ஏன்? அவர் கருமியும் அல்லர், ஊதாரியும் அல்லர். முள்ளங்கியின் இலையும் ஒரு கீரை என்பதே அவர்க்குத் தெரியாது. 'முள்ளங்கிக் கீரை' என்னும் சொல் அவர் வீட்டில் வழக்கற்றுப் போயிற்று. அவர் பாட்டியிடம் அச்சொல் இருந்தது, அக்கீரையும் இருந்தது. பேரனிடம் இரண்டும் இல்லை.

இவ்வுரை சொல்ல வருவது இவ்வளவே: பெயருள்ள பகுதி கறியாகும், பெயரிழந்த பகுதி கழிவாகும்.

பெயரே வழிகாட்டி

மரஞ்செடி கொடிகளின் உறுப்புகளுக்குத் தமிழில் உள்ள சொற்கள் பலப்பல. புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் பகுத்து, அவ்விரண்டின் உறுப்புகளுக்கும் வெவ்வேறு பெயர்களைத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்துரைத்தார். இருபதாம் நூற்றாண்டில் மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் (1902-1981), உழவரும் பிற தொழிலரும் வழங்கும் சொற்களின் நுட்பத்தைத் தம் சொல்லாய்வுக் கட்டுரைகளில் விளக்கினார்.

அவ்வளத்திற் சிலவற்றை மட்டும் இங்கே நினைவுகொள்க. மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. வாழையின் பிஞ்சு கச்சல். தென்னை, பனைகளின் பிஞ்சு குரும்பை. மிக மெல்லிய மேலுறை தொலி, திண்ணியது தோல், வன்மையுடையது தோடு, மிக வன்மையுடையது ஓடு. நெல்லுக்குத் தாள், கீரைக்கும் வாழைக்கும் தண்டு, சோளத்துக்குத் தட்டை, கரும்புக்குக் கழி.

இப்பெயர்களை இட்டவர் யாவர்? ஏடும் எழுத்தாணியும் கொண்டு உட்கார்ந்த புலவர் மட்டும் அல்லர். ஏர் பிடித்தவரும், களை பறித்தவரும், உலை வைத்தவருமே பெரும்பாலும் இட்டனர். வேறு வேறு பெயர் ஏன் வேண்டியிருந்தது எனின், ஒவ்வொன்றையும் கையாளும் முறை வேறு வேறாக இருந்தமையால் என்க. வடு என்ற அளவில் உப்புச் சாடி நினைவுக்கு வரும். மூசு என்ற அளவில் அது பழமாகக் காத்திருக்க வேண்டுவதன்று, கறியாக்கத் தக்கது என்பது புலப்படும். தண்டு என்ற அளவில் நாருரிக்க வேண்டும் என்று விரல் அறியும். ஆகலின் ஒவ்வொரு பெயரும் தனக்குள் ஒரு சமையற் குறிப்பை அடக்கி வைத்துள்ளது. சொல்லை இழந்தவன் குறிப்பை இழந்தான். குறிப்பை இழந்தவன் உணவை இழந்தான்.

ஆறு பொழுதும் அடுக்களையும்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். பொழுதுக்கேற்ற விளைவும், விளைவுக்கேற்ற அடுகலையும் இருந்தன. பள்ளிப்பட்டு வட்டாரம் போன்ற கிணற்றுப் பாசன நிலத்தில், ஒவ்வொரு காய்க்குப் பின்னும் உழவரின் தோண்டிய கிணறும், இறைத்த நீரும், கண்விழித்த இரவும் உள்ளன. அவ்வுழைப்பிற் பாதியை எறியாமல் உண்ணும் வழியைப் பொழுதுதோறும் காண்போர்க்குச் சமையல் ஓர் அறமாகவே தோன்றும்.

கார் (மடங்கல், கன்னி, அஃதாவது ஆவணி, புரட்டாசி): ஆடிப் பட்டத்தில் ஊன்றிய பீர்க்கு பந்தலில் காய்த்துத் தொங்கும் பொழுது இது. காயைக் குழம்பிலிட்டுத் தோலை எறிவார் பலர். தோலிலேயே துவையலுக்குரிய மணமும் சுவையும் உள்ளன. இளங்காயாகத் தேர்ந்து, கழுவி, விளிம்பின் கடிய வரிநாரை மட்டும் சீவி நீக்கிவிட்டு, எஞ்சிய தோலை எடுத்துக்கொள்க. நல்லெண்ணெயில் உளுந்தம்பருப்பையும் மிளகாய் வற்றலையும் சிவக்க வறுத்து எடுத்தபின், அதே எண்ணெயில் தோலைப் பச்சை மணம் போகும்வரை வதக்குக. சிறிது புளி, தேங்காய்த் துருவல், உப்பு கூட்டி, நீர் மிகாமல் கொரகொரப்பாக அரைத்தால், சுடுசோற்றுக்கு வேறு தொடுகறி வேண்டா. முற்றிய பீர்க்கையும் எறியற்க. உலர்ந்தபின் அதன் உள்ளிருக்கும் நார்க்கூடு உடம்பு தேய்த்துக் குளிக்க உதவும்.

கூதிர் (துலை, நளி; ஐப்பசி, கார்த்திகை): வாடைக் காற்றும் புயலும் வீசும் பொழுது. வாழை சாயும், சாய்ந்த வாழையைக் கண்டு உழவர் மனமும் சாயும். குலை முற்றாமல் விழுந்த மரத்தில் விலைக்குப் போவது ஒன்றுமில்லை என்பது வணிகர் கணக்கு. அடுக்களைக் கணக்கு வேறு. மேற்பட்டைகளை உரித்தால் உள்ளே வெண்மையான தண்டு உள்ளது. அதை வட்டம் வட்டமாக நறுக்குந்தோறும் இழையும் நாரை விரலிற் சுற்றி எடுத்துவிட்டு, பொடியாக அரிந்து, கறுக்காதிருக்க மோர் கலந்த நீரில் இடுக. பின்பு பயற்றம்பருப்பொடு வேகவைத்து, தேங்காயும் மிளகாயும் சீரகமும் அரைத்துக் கூட்டினால், வயிற்றுக்கு இதமான கூட்டு அமையும்.

வாழைப்பூவின் செம்மடலை ஒவ்வொன்றாக நீக்கி, உள்வரிசைப் பூக்களினின்று 'கள்ளன்' எனப்படும் வன்னரம்பையும் சிறு செதிலையும் களைந்து, மோரிலிட்டுத் துவர்ப்பைக் குறைத்துப் பொரியலோ வடையோ செய்யலாம். பூவுக்குள் ஒளிந்து நின்று மெல்லவும் வேகவும் மறுக்கும் நரம்புக்குக் 'கள்ளன்' என்று பெயரிட்ட தமிழ்த் தாயின் நகைச்சுவையை என்னென்பது! வாழைக்காயைச் சீவிய தோலும் வீணன்று. அதைப் பொடியாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் இட்டு வேகவைத்து, கடுகு தாளித்துத் தேங்காய் தூவினால், தனியொரு பொரியல்.

முன்பனி (சிலை, சுறவம், மார்கழி, தை): முள்ளங்கியும் பரங்கியும் அவரையும் மொச்சையும் நிறைந்த பொழுது. முள்ளங்கிக் கீரையைப் பயற்றம்பருப்பொடும் பூண்டொடும் கூட்டி வேகவைத்தால், அதன் சிறு காரமும் கைப்பும் அடங்கி நற்சுவை தரும். சுண்ணாம்பூட்டம் கிழங்கினும் இலையிலேயே மிகுதி என்பது உணவறிவியல் கண்டது. ஆகவே இலையை எறிந்து கிழங்கை மட்டும் கொண்டவர், இரண்டிற் சிறந்ததை எறிந்தவராவார். பரங்கியின் கொட்டையைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, வெறுஞ்சட்டியில் வறுத்து உடைத்தால், உள்ளே இருக்கும் பருப்பு சிறுவர்க்குச் சிறந்த தின்பண்டம். மார்கழி விடியலிற் கோலத்தின் நடுவே வைக்கப்படும் பரங்கிப்பூவும், மாவில் தோய்த்துப் பொரிக்க ஏற்றதே.

பின்பனி (கும்பம், மீனம், மாசி, பங்குனி): முருங்கை பூத்துக் காய்க்கத் தொடங்கும் பொழுது. இலை கீரையாகும், பூ பருப்பொடு சேர்ந்து பொரியலாகும், காய் குழம்பாகும். இலையை உருவியபின் எஞ்சும் ஈர்க்கையும் நம் பாட்டிமார் எறிந்ததில்லை; மிளகும் சீரகமும் பூண்டும் தட்டி, ஈர்க்கொடு கொதிக்கவைத்து இறுத்து மிளகுநீர் ஆக்கினர். ஒரு மரத்தில் இத்தனை பகுதியும் உணவு. தமிழும் மலையாளமும் வழங்கும் முருங்கை என்னும் சொல்லே, 'மொரிங்கா' என்று திரிந்து, உலகத்து நிலைத்திணை நூல்களில் அம்மரத்தின் அறிவியற் பெயராக நிற்கிறது. கறி என்னும் தமிழ்ச்சொல்லும், மிளகுத் தண்ணீர் என்னும் தமிழ்ச்சொல்லும் ஆங்கில அகரமுதலியில் இடம்பெற்றுள்ளன. அயலார் கடன்கொண்டு போற்றும் சொற்களை உடையவரே மறப்பது எத்துணை இரங்கத் தக்கது!

இளவேனில் (மேழம், விடை, சித்திரை, வைகாசி): மாவும் பலாவும் பழுக்கும் பொழுது. மாம்பழத்தின் சதையை அரிந்தெடுத்தபின், கொட்டையில் ஒட்டிய சதையொடு அதைப் புளிக்குழம்பிற் போட்டால், இனிப்பும் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தழுவி நிற்கும். பலாக்கொட்டையின் வெண்டோட்டை உரித்து வேகவைத்துக் கத்தரிக்காயொடும் முருங்கைக்கீரையொடும் சமைக்கலாம், சுட்டும் தின்னலாம். தண்ணீர்ப்பழத்தின் செஞ்சதையை உண்டபின், பச்சைத் தோலுக்கும் சிவப்புக்கும் இடையிலுள்ள வெண்பகுதியைச் சுரைக்காய் போலவே கூட்டாக்கலாம்.

முதுவேனில் (ஆடவை, கடகம், ஆனி, ஆடி): கிணறு வற்றும், காயும் அருகும். இக்குறையை முன்னறிந்து இளவேனில் தொட்டே வெயிலைச் சமையற்காரராக அமர்த்திக்கொண்டனர் தமிழர். விலை வீழ்ந்த கத்தரியும், மிகுந்துபோன கொத்தவரையும், சுண்டையும், மணத்தக்காளியும், மாங்காயும் உப்பும் மோரும் ஏற்று வற்றலாயின. வற்றல் என்பது வெறும் உலர்ந்த காயன்று. விலை வீழ்ந்த நாளில் உழவரின் விளைவு அழிந்துபோகாமல் காத்த களஞ்சியம். வரும் மழைநாளில் அதுவே குழம்பு.

எல்லையும் அடுப்பும்

பள்ளிப்பட்டில் இதனைப் பேசுதற்குத் தனிக் கரணியம் உண்டு. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெற்றபோது திருத்தணிப் பகுதி அதனொடு சேர்ந்தது. 1953-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனொடு சென்றது. மங்கலங்கிழாரும், ம. பொ. சிவஞானமும், பெயர் அறியப்படாத எண்ணற்ற தொண்டரும் நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாசுக்கர் பரிந்துரையின் வழியாகவும், 1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளன்று (திருவள்ளுவராண்டு 1991) திருத்தணியும் பள்ளிப்பட்டும் அன்றைய சென்னை மாநிலத்தொடு இணைந்தன.

நிலத்தின் எல்லையைக் காத்தல் ஒரு பணி. நாவின் எல்லையைக் காத்தல் மற்றொரு பணி. முன்னதற்குப் போராட்டமும் ஆணையும் வேண்டும். பின்னதற்கு நாள்தோறும் எரியும் அடுப்பே போதும்.

எனினும் அண்டையிலுள்ள தெலுங்கரைப் பழிப்பதற்காக இது சொல்லப்படவில்லை. தமிழின் காய் தெலுங்கில் 'காய'; பீர்க்கு அங்கே 'பீர'; சுரை 'சொர'; முருங்கை 'முனக'. ஒரே குடும்பத்து உடன்பிறந்தார் பேச்சிற் காணும் வேறுபாடே இது. மேலும், பீர்க்கந்தோல் துவையலை ஆந்திர வீடுகளில் இன்றும் விருப்பொடு செய்கின்றனர். புளிச்சகீரையை அவர்கள் 'கோங்கூர' என்று பெருமையொடு கூறி உண்கின்றனர். பள்ளிப்பட்டுத் தமிழ்ப்பிள்ளையோ அதே கீரையைக் கோங்கூர என்றே அறிந்து, புளிச்சகீரை என்றால் விழிக்கிறது! குறை யாருடையது? தம் கீரைக்குத் தம் பெயரைச் சொல்லி உண்ணும் தெலுங்கரிடம் குறையில்லை. தம் தோட்டத்திலேயே வளரும் கீரையின் பெயரைத் தம் பிள்ளைக்குச் சொல்லாத தமிழரிடமே குறை.

புதியவற்றுக்குப் பெயரிடவும் தமிழர் அஞ்சியதில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்கடந்து வந்த காரக்காய்க்கு மிளகை ஒப்பிட்டு மிளகாய் என்று பெயரிட்டனர். வந்த காய்க்கே பெயர் ஈந்த மரபினர், இருந்த கீரையின் பெயரைத் தொலைக்கலாமா?

தவிடு தந்த பாடம்

எறியப்படும் பகுதியின் அருமையை உலக அறிவியல் உணர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சாவகத் தீவின் பத்தாவியா நகரில் (இற்றைச் சகார்த்தா) ஆலந்து நாட்டு மருத்துவர் கிறித்தியான் ஐக்குமான் ஆய்வு செய்துவந்தார். தீட்டிய வெள்ளரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்தன. தவிடு நீங்காத அரிசியைத் தின்றவை நலமாயிருந்தன. வீழ்ந்தவையும் தவிடு பெற்றதும் எழுந்தன. மக்களைக் கால் முடக்கிய 'பெரிபெரி' நோயின் மூலம் இவ்வழியே வெளிப்பட்டது. உயிர்ச்சத்து என்று பள்ளி நூல்கள் கூறும் ஊட்டத்தின் கண்டுபிடிப்புக்கு அடிகோலிய இப்பணிக்காக, 1929-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவர்க்கும், ஆங்கிலேயரான ஆப்கின்சுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

வெண்மையே உயர்வென்று எண்ணித் தவிட்டை எறிந்தவர் கால் முடங்கினர் என்பதே அக்கோழிகள் கற்பித்த பாடம். தமிழ்நாட்டிலோ நெல்லைப் புழுக்கி உலர்த்திக் குற்றும் வழக்கம் முன்பே இருந்தது. புழுக்கும்போது தவிட்டிலுள்ள ஊட்டத்தின் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே ஊறிவிடும். அறிவியற் பெயர் தெரியாமலேயே அறிவியற் பயனைத் தந்த வழக்கம் அது. சோறு வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்பிட்டுக் குடித்ததும் அவ்வழக்கத்தின் தொடர்ச்சியே.

குப்பை என்னும் சொல்

இன்று குப்பை என்றால் முகஞ்சுளிக்கிறோம். பழந்தமிழில் அச்சொல்லுக்குக் குவியல் என்பதே பொருள். உழவர் வழக்கில் அது எருக்குவியல். "நிலத்துக்குக் குப்பை அடித்தாயா?" என்று ஓர் உழவர் மற்றோர் உழவரைக் கேட்கும்போது, குப்பை செல்வமாகவே நிற்கிறது.

முன்னாளில் வீட்டில் எதுவும் வீணானதில்லை. மாந்தர் உண்டதுபோக எஞ்சிய தோலும் காம்பும் கழுநீர்ப் பானைக்குச் சென்றன. பானையிலுள்ளதை மாடு உண்டது. மாடு உண்டது சாணமாயிற்று. சாணம் குப்பைமேட்டுக்கும், குப்பை கழனிக்கும் சென்றன. கழனியினின்று மீண்டும் காய் வந்தது. இவ்வட்டத்தில் மாடு என்னும் கண்ணி நகர்வீடுகளில் அறுந்துபோயிற்று. கழுநீர்ப் பானை இருந்த இடத்தில் நெகிழிப் பை தொங்குகிறது. அதற்குள் அடைபட்ட காய்த்தோல் மண்ணுக்கும் போகாமல் மாட்டுக்கும் போகாமல் அழுகி நாறுகிறது. பசியால் அப்பையையே தின்று தெருமாடு மடிகிறது.

இது பள்ளிப்பட்டின் குறை மட்டுமன்று. ஒன்றிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் வீணான உணவு 105 கோடி தொன். அதிற் பத்தில் ஆறு பங்கு வீடுகளில் வீணானது. அக்கணக்கில் தோல், எலும்பு முதலிய 'உண்ணாப் பகுதி'களும் அடங்கும். உண்ணாப் பகுதி எது, உண்ணும் பகுதி எது என்று வரையறுப்பது யார்? பெரும்பாலும் வீட்டு வழக்கமே. ஒரு வீட்டின் துவையல் மற்றொரு வீட்டின் கழிவாகிறது. ஆகவே கழிவைக் குறைக்கும் பணியில் அடுக்களைச் சொல்லுக்கும் ஒரு பங்குண்டு.

விலக்கத் தக்கவை

எல்லாப் பகுதியும் எல்லார்க்கும் உணவு என்று கொள்வதும் பிழை. முன்னோர் உண்ணத் தக்கதை மட்டுமன்றி, உண்ணத் தகாததையும் அறிந்திருந்தனர். சுரையோ பீர்க்கோ வெள்ளரியோ அரியும்போது ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். கசந்தால் காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும்; அக்கசப்பு நஞ்சு. பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கின் தோலும் முளையும் ஆகா. உருளை, தக்காளிச் செடிகளின் இலையை உண்ணலாகாது. மரவள்ளியின் தோலை நீக்கிக் கிழங்கை நன்கு வேகவைத்தே உண்ணவேண்டும். சேம்பின் இலையும் தண்டும் புளியொடு நன்கு வேகாவிடின் தொண்டை அரிக்கும்.

மேலும், இன்று காய்மீது தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லி தோலிலேயே மிகுதியாகத் தங்குகிறது. கழுவினால் ஓரளவே நீங்கும். ஆகலின் தோலை உண்ண விரும்புவோர், எவ்வாறு விளைந்தது என்பதை உழவரிடமே கேட்டு வாங்குக. இயலுமேல் வீட்டுப் பின்புறத்தில் ஒரு பீர்க்கங்கொடி, ஒரு வாழை, ஒரு முருங்கை வளர்க்க. கேட்டு வாங்குவோர் பெருகினால், நஞ்சின்றி விளைப்போரும் பெருகுவர்.

நாணமும் நேரமும்

இவ்வளவும் கேட்டபின் இரண்டு தடைகள் எழுப்பப்படும். முதலாவது நாணம். பள்ளியில் நண்பகலுணவு வேளையில், தோழியர் நடுவே தன் ஏனத்தைத் திறக்கத் தயங்கும் சிறுமியை ஆசிரியர் பலர் கண்டிருப்பர். "உங்கள் வீட்டில் தோலையா தின்பீர்கள்?" என்னும் ஒரு கேள்வி போதும், மறுநாள் அவள் துவையல் கொண்டு வரமாட்டாள். அதற்கடுத்த நாள் தன் தாயின் சமையலையே குறைவாக எண்ணத் தொடங்குவாள். தோலை உண்பது வறுமையின் அடையாளம் என்று யாரோ கற்பித்துவிட்டனர். அஃது உண்மையன்று. வறியவர் வீட்டில் மட்டுமன்றி, நிலமும் நெல்லும் நிறைந்த வீட்டிலும் பீர்க்கந்தோல் துவையலாயிற்று. வீணாக்காமை வறுமையன்று, விளைத்தவனுக்குக் காட்டும் மதிப்பு. அச்சிறுமியின் ஏனத்தைக் கண்ட ஆசிரியர், "இதன் பெயர் என்ன? எப்படிச் செய்வது? வகுப்புக்குச் சொல்" என்று கேட்பாராயின், நாணிய அவளே ஆசிரியையாவாள்.

இரண்டாவது தடை நேரம். வாழைப்பூவில் கள்ளன் எடுக்க அரைமணி ஆகும். தண்டில் நார் சுற்ற அதே அளவு ஆகும். காலையில் வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு அவ்வரைமணி எங்கே கிடைக்கும்? இக்கேள்வி முறையானதே. மரபைக் காக்கும் சுமையைப் பெண்டிர் தோளில் மட்டும் ஏற்றிவிட்டுத் திண்ணையில் அமர்ந்து மரபின் பெருமை பேசும் ஆடவர்க்கு, அப்பெருமை பேசும் உரிமை இல்லை. கள்ளனை எடுக்க ஆணின் விரலும் போதும். கிழமைக்கு ஒரு நாள், மாலையில், தந்தையும் தாயும் மக்களும் ஒரு முறத்தைச் சுற்றி அமர்ந்து ஒரு பூவை ஆய்ந்தால், நால்வர் கைக்கு அது சிறு பொழுதில் முடியும்.

அச்சிறு பொழுதை இழப்பென்று கருதற்க. மடல் எது, கள்ளன் எது, கச்சல் எது, நார் எது என்று மகள் கேட்பதும் பாட்டி விடை சொல்வதும் அங்கேதான் நிகழும். அகரமுதலியில் அச்சொற்கள் உள்ளன. ஆனால் அகரமுதலியிலிருந்து எந்தக் குழந்தையும் மொழி கற்றதில்லை. கையில் பிசினும், மூக்கில் மணமும், நாவிற் சுவையுமாகக் கற்ற சொல் சாகும்வரை மறவாது. அம்முறமே பள்ளி, அப்பாட்டியே ஆசிரியை. அந்த அரைமணி ஒரு தலைமுறையில் நின்றுபோனால், அடுத்த தலைமுறைக்குச் சொல்லும் இல்லை, உணவும் இல்லை.

செய்யத் தக்கது

பெரிய செயல் ஒன்றையும் இவ்வுரை வேண்டவில்லை. முள்ளங்கி வாங்குவோர் இலையொடு வாங்குக. கீரைத்தண்டைக் கிள்ளி எறியாமல் நாருரித்துப் பருப்பொடு வேகவைக்க. பரங்கிக் கொட்டையை முற்றத்து வெயிலுக்குக் காட்டுக. உண்ணத் தகாததை நெகிழிப் பையில் அடைக்காமல், மாட்டுக்கோ மண்ணுக்கோ கொடுக்க. வீட்டிலுள்ள முதியோரிடம், அவர்கள் அறிந்த காய்கறிப் பகுதிகளின் பெயர்களையும் அவற்றை ஆக்கும் வகைகளையும் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு ஒரு சுவடியில் எழுதுவிக்க. எழுதும்போது ஊரார் வழங்கும் பெயரை அவ்வாறே எழுதுக, திருத்தற்க. பள்ளிப்பட்டில் ஒரு பெயரும் பொதட்டூர்ப்பேட்டையில் மற்றொரு பெயரும் வழங்குமாயின், இரண்டும் தமிழுக்கு ஊதியமே.

நாளை விடியலில் முள்ளங்கிக் கட்டொடு அவ்வுழவர் வீட்டுப் பெண் மீண்டும் கடைத்தெருவுக்கு வருவாள். பழக்கத்தால் இலையைக் கிள்ளக் கை நீட்டுவாள். அப்போது வாங்குபவர், "வேண்டா அம்மா, அது முள்ளங்கிக் கீரை, அதையும் கொடு" என்று சொல்வாராயின், அன்று ஒரு கீரையும் பிழைத்தது, ஒரு சொல்லும் பிழைத்தது, விளைத்தவள் முகமும் மலர்ந்தது.

வாழ்க உழவர்! வெல்க தமிழ்!